செம்பூர் குழியில் கிடைத்த இலைகள்

செம்பூரில் எங்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தபோது நான் தாவரவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். உயிரோடு இருக்கும் தாவரங்களை அல்ல. கல்லாகிப்போன, அல்லது கல்லுக்குள் கரியாக ஒட்டிக்கொண்டிருக்கும் தாவரங்களை. வீட்டில் யாரும் இதைத் தடுக்கவில்லை. உம்மா மட்டும் ஒருமுறை, "உசுரோட இருக்குற செடியப் படிக்க சீட்டு கெடைக்கலியா?" என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

வாப்பாவுக்குத் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை. திருநெல்வேலியிலிருந்து இளவயதில் வந்து, பட்டறைக்கு மேலேயே பல வருடம் குடியிருந்து, பிறகு செம்பூரில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு ஃபிளாட் வாங்கினார். அந்தக் கட்டடம்தான் கசிந்து, விரிசல் விட்டு, கடைசியில் ஃபிளாட்காரர்களின் சொசைட்டி வழியாக ஒரு பில்டர் கைக்குப் போனது. புதுக் கட்டடம் வரும்வரை குர்லாவில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை. வாப்பா சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டு நேராக வீட்டுக்கு வரமாட்டார். செம்பூருக்குப் போய், தகரத் தடுப்பின் இடைவெளி வழியாகக் குழியைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். குழி இன்று எவ்வளவு ஆழம் என்று உம்மாவிடம் சொல்வார். உம்மா சரி என்பாள்.

என் ஆராய்ச்சி அப்போது அவ்வளவு ஆழம் போகவில்லை. எங்கள் துறையில் இருந்தது ஒரு மர டிராயர். அதில் மத்தியப் பிரதேசத்திலிருந்து எப்போதோ யாரோ கொண்டுவந்த கல்மரத் துண்டுகள். எனக்கு முன்னால் படித்தவர்கள் அதையெல்லாம் அறுத்து, தேய்த்து, பார்த்து முடித்திருந்தார்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த என் கைடு மராட்டிக்காரர், நல்ல மனுஷி. "புது மெட்டீரியல் இல்லாமல் தீசிஸ் நிற்காது" என்று மாதம் ஒருமுறை சொல்வார். வேறு யோசனை எதுவும் அவரிடம் இல்லை. என்னிடமும் இல்லை.

மும்பை நகரமே உறைந்த எரிமலைக் குழம்பின் மேல்தான் இருக்கிறது. அந்தக் குழம்பு ஒரே மூச்சில் வந்துவிடவில்லை. வரும், நிற்கும், மறுபடி வரும். நின்ற காலத்தில் மேலே ஏரி உண்டாகும், மரம் முளைக்கும், இலை உதிர்ந்து சேற்றில் விழும். அடுத்த குழம்பு வந்து மூடிவிடும். இரண்டு குழம்புப் பாறைகளுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சேற்று அடுக்குதான் எனக்கு வேண்டியது. அது மும்பையில் இல்லாமல் இல்லை. அதன்மேல் வீடு கட்டிக் குடியிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் வாப்பா கையில் பிளாஸ்டிக் பையோடு வந்தார். பையிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இதப் பாரு. எஞ்சினியரு அடியில பாறைங்கான். இது பிஸ்கட்டு மாதிரி ஒடையுது. ஏழு மாடி இதுமேல நிக்குமா?"

நான் படித்தது தொடர்பாக வாப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கல்லைக் கையில் எடுத்தேன். ஈரமாக இருந்தது. ஓரத்தில் காய்கறிக் கத்தியை வைத்துத் தட்டினேன். புத்தகம் திறப்பதுபோல் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே ஒரு இலை. என் விரல் நீளம். நடுநரம்பு, பக்க நரம்பு, நுனியில் மெல்லிய வால். எல்லாம் கறுப்பாக, அச்சடித்ததுபோல் இருந்தது.

"நிக்குமா, நிக்காதா?" என்றார் வாப்பா.

"நிக்காது. இத எடுத்துட்டு இதுக்குக் கீழ இருக்குற கரும்பாறை மேலதான் வைப்பாங்க. அவங்களுக்கே தெரியும்."

"அப்ப நீ ஏன் இப்படிப் பாக்குற?"

"இதுல இலை இருக்கு வாப்பா."

"மரத்துலேந்து விழுந்திருக்கும்."

"ஆமா."

"எப்ப?"

"ஆறரைக் கோடி வருசம் இருக்கும்."

வாப்பா குனிந்து பார்த்தார். "நம்ம சொசைட்டி எடத்துலயா?"

"ஆமா."

நிமிர்ந்தார். "பத்திரத்துல ஒண்ணும் போடலியே" என்றார்.

மறுநாள் காலையில் நான் குழிக்குப் போனேன். சைட் எஞ்சினியர் என்னைவிடச் சின்னவர். என் கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு இறங்க விட்டார். குழியின் மேற்குச் சுவரில் மேலும் கீழும் கரும்பாறை, நடுவில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்புக் களிப்பாறை. அடுக்கடுக்காக, ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. நான் டிராயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வருடங்களை நினைத்துக்கொண்டேன். அந்த நேரமெல்லாம் இது எங்கள் சமையலறைக்குக் கீழே இருந்திருக்கிறது.

எஞ்சினியர் இந்தியில் பேசினார். "இது வேஸ்ட் மேடம். இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுவோம். பேஸ்மென்ட் பார்க்கிங் வருகிறது. டம்பர் லாரி எல்லாவற்றையும் மான்குர்த் பக்கம் பள்ளம் நிரப்பக் கொண்டுபோகும்."

கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "நிறுத்துவது என்ற வார்த்தையை இங்கே சொல்லாதீர்கள் மேடம்" என்றார்.

ஆனால் நான் சொன்ன வார்த்தை எனக்கு முன்னால் மாதுங்கா போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் சொசைட்டியின் சேர்மன் மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தை இடித்தபிறகு மாதுங்காவில் தம்பி வீட்டில் தங்கியிருந்தார். அன்று சாயங்காலமே அங்கே கமிட்டி கூடியது. வாப்பாவையும் என்னையும் வரச் சொன்னார்கள். காப்பி கொடுத்தார்கள். யாரும் குடிக்கவில்லை.

"நீ இதை யார்கிட்டயாவது சொன்னியாம்மா?" என்று சேர்மன் கேட்டார்.

"என் கைடுகிட்ட சொன்னேன் மாமா."

"அவா யார்கிட்ட சொல்லுவா?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. எங்க சப்ஜெக்டுல சொல்றதுக்கு ஆள் கிடையாது."

இது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் எங்கள் பழைய முதல் மாடியில் இருந்த மாமி சமாதானமாகவில்லை. கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தவர். இப்போது மகன் வீட்டில் ஹாலில் படுத்துக்கொண்டிருந்தார். "டைனோசர் எலும்பு ஏதாவது இருக்குமோ?" என்று கேட்டார்.

"தெரியாது மாமி."

"தெரியாதுன்னு சொல்லாதே. இல்லேன்னு சொல்லு."

"இல்லை மாமி."

"சர்க்கார்லேர்ந்து ஒருத்தன் வந்து கயிறு கட்டினான்னா போச்சு. நான் புது வீட்டைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துடுவேன்." அவர் நடிக்கவில்லை. "அந்த இலை இத்தனை கோடி வருஷம் இருந்திருக்கே, இன்னும் கொஞ்ச நாள் இருக்காதா? கட்டி முடிச்சப்புறம் பாரேன்."

"இலை காத்திருக்கும் மாமி. டம்பர்தான் காத்திருக்காது."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அதுவரை வாய் திறக்காமல் இருந்த வாப்பா செருமினார். கமிட்டிக் கூட்டங்களில் அவர் கையைத் தூக்குவார், பேசுவது குறைவு. "ஒரு ஞாயித்துக்கெழம குடுங்க" என்றார். "அன்னைக்கு மிசினு ஓடாது. கையால எடுக்குறத எடுத்துட்டுப் போறோம். அதுக்கப்புறம் எம்மவ அந்தப் பக்கமே வரமாட்டா. யாரு கேட்டாலும் நானும் வாயத் தொறக்க மாட்டேன்."

சேர்மன் மற்றவர்களைப் பார்த்தார். போட்டோ கிடையாது, பேப்பர்காரர் கிடையாது, சர்க்கார் கிடையாது என்ற மூன்று நிபந்தனைகளோடு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கிடைத்தது. பில்டரிடம் சேர்மனே பேசினார். சாமி விஷயம் என்று சொன்னதாகப் பின்னால் தெரிந்தது. என்ன சாமி என்று பில்டர் கேட்கவில்லையாம்.

ஞாயிறு காலையில் வாப்பா பட்டறையிலிருந்து இரண்டு ஆட்களையும் ஒரு டெம்போவையும் கொண்டுவந்தார். டெம்போவில் பை பேக் பண்ணும் அட்டைப்பெட்டிகள், பஞ்சு ஷீட், பழைய பேப்பர் கட்டு. அந்தக் கல் வெயிலில் காய்ந்தால் நொறுங்கிவிடும், ஈரத்தோடு சுற்றி மெதுவாகத்தான் காயவைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். துபாய்க்கு அனுப்பும் சரக்குபோல வாப்பா ஒவ்வொன்றையும் சுற்றி, டேப் ஒட்டி, இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டார். எந்தப் பக்கம் மேலே என்பது உண்மையிலேயே எனக்கு முக்கியம். அது அவருக்குத் தெரியாது. பழக்கத்தில் போட்டார்.

நான் உளியால் அடுக்கைப் பிரிப்பேன். இலை தெரிந்தால் எடுத்துக் கொடுப்பேன். வாப்பா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வார்.

"இது மா."

"மா இல்ல வாப்பா. மாமரம் அப்ப கிடையாது."

"அப்ப கொய்யா."

"கொய்யாவும் இல்ல."

"என்னதான் இருந்துச்சு?"

"அதக் கண்டுபிடிக்கத்தான் எடுக்குறேன்."

"பேரு தெரியாமலா இத்தன வருசம் படிச்ச?" என்றார். பட்டறை ஆட்களில் ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சேர்மன் குடையோடு வந்து குழியின் விளிம்பில் நின்றார். யாரும் போட்டோ எடுக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் வந்ததாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவரே இறங்கி வந்து, ஒரு இலையை உள்ளங்கையில் வாங்கி, தன் ஃபோனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டார். முதல் மாடி மாமியும் ஆட்டோவில் வந்தார். இறங்கவில்லை. மேலேயே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இலைக்கா, எனக்கா, கட்டடத்துக்கா என்று தெரியவில்லை.

வெயில் ஏறியபிறகு, மேற்குச் சுவரின் அடியில் அதைப் பார்த்தேன். முதலில் வேர் என்று நினைத்தேன். தூரிகையால் துடைத்தால் ஒரு கிளை. இலைகள் காம்போடு கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தன. நுனியில் கொத்தாக ஏதோ. காயாக இருக்கலாம், மொட்டாக இருக்கலாம்.

எங்கள் துறையில் எல்லாம் தனித்தனியாகத்தான் கிடைக்கும். இலை ஓரிடம், மரத்துண்டு ஓரிடம், காய் ஓரிடம். அதனால் இலைக்கு ஒரு பெயர், மரத்துக்கு ஒரு பெயர், காய்க்கு ஒரு பெயர் என்று வைத்துவிடுவார்கள். மூன்றும் ஒரே மரத்தினுடையதாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. ஒன்றோடொன்று சேர்ந்து கிடைத்தால்தான் தெரியும். அப்படிக் கிடைப்பதை நான் படித்திருந்தேன், பார்த்ததில்லை. உளியைக் கீழே வைத்தேன். வாப்பாவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு இந்த முறை பெயர் சொல்லவில்லை.

கல் ஒரு கதவுப் பலகை அளவு இருந்தது. சுற்றிலும் வெட்டி, அடியில் ஆப்பு வைத்துத் தளர்த்தி, பழைய பெட்ஷீட்டை உள்ளே செருகினோம். நாலு பேரும் நாலு முனையைப் பிடித்தோம். "ஒண்ணு, ரெண்டு" என்று வாப்பா சொன்னார். கல் எழுந்தது. இடுப்பளவு வந்தபோது, நடுவில், சத்தமே இல்லாமல் பிளந்தது. என் பக்கத்துப் பாதி துணியில் இருந்தது. நுனிப் பாதி சறுக்கிக் கீழே விழுந்தது. நாங்கள் தோண்டிய இடத்துக்கு மேலிருந்த மண்ணும் கல்லும் அதன்மேல் சரிந்தன. வாட்ச்மேன் விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். சுவர் இளகிவிட்டது, எல்லாரும் மேலே ஏறுங்கள் என்று கத்தினார். நான் குனிந்து கையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தேன். வாப்பா என் தோளைப் பிடித்துத் தூக்கினார். சின்ன வயதுக்குப் பிறகு அவர் என்னை அப்படித் தூக்கியது அன்றுதான்.

அதன்பின் யாரையும் இறங்க விடவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் போனபோது அந்த மூலை சுத்தமாக இருந்தது. முதல் டம்பரிலேயே போய்விட்டது என்றார் எஞ்சினியர். அவருக்கும் வருத்தம்தான். டம்பர் டிரைவரின் நம்பரைக் கொடுத்தார்.

வாப்பா பட்டறையை அன்று மூடினார். பெருநாள் தவிர அவர் பட்டறைக்கு லீவு விட்டு நான் பார்த்ததில்லை. மான்குர்த்தில் குடிசைகளைத் தாண்டி ஒரு பள்ளம். மும்பையில் இடித்த கட்டடங்களெல்லாம் அங்கே மலையாகக் கிடந்தன. டைல்ஸ், கழிவறைப் பீங்கான், சுவர்த் துண்டில் ஒட்டிய சாமி படம், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண். நாங்கள் இரண்டு பேரும் ஏறித் தேடினோம். கறுப்பாகத் தெரிந்ததையெல்லாம் புரட்டினோம். எங்கள் குழியின் கல் ஓரிடத்தில் கிடந்தது. ஆனால் அதன்மேல் புல்டோசர் ஓடி, வெயிலும் பட்டு, அது சாம்பல்போல் உதிர்ந்திருந்தது.

அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள், என்ன தேடுகிறீர்கள் என்று கீழேயிருந்து கூப்பிட்டுக் கேட்டார். "க்யா டூண்ட் ரஹே ஹோ, சாச்சா?"

"கர் கா சாமான்" என்றார் வாப்பா.

வீட்டுச் சாமான் என்றதும் அவர் மேலே ஏறி வந்துவிட்டார். வீடு உடைந்ததா என்று கேட்டார். உடைந்தது என்று வாப்பா சொன்னார். அது பொய் இல்லை. அந்த ஆள் மேலே ஒன்றும் கேட்காமல் ஒரு கம்பியை எடுத்துவந்து எங்களோடு கிளற ஆரம்பித்தார். அங்கே இப்படித் தேடி வருகிறவர்கள் உண்டாம். ஒருமுறை ஒரு அம்மா கல்யாண ஆல்பத்தைத் தேடி வந்தாராம். கிடைத்ததா என்று வாப்பா கேட்டார். இல்லை என்றார்.

எங்களுக்கும் கிடைக்கவில்லை. திரும்பும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று வாப்பா ஒரு கறுப்புக் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அது யாரோ வீட்டு மாடிப்படியின் துண்டு. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. சொல்லவில்லை. உம்மா பிறகு அதைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டாக வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் நான் அழுதேன். வாப்பா டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். குர்லா வந்து இறங்கும்போது, "பாதி கெடச்சுதுல்லா" என்றார்.

துறையில் இடமில்லை என்று சொல்லிவிட்டதால் பெட்டிகள் எல்லாம் குர்லா வீட்டில்தான் இருந்தன. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில். சொந்தக்காரர்கள் வந்தால் உம்மா அவற்றின்மேல் விரிப்பைப் போட்டு உட்காரச் சொல்வாள். கைடு ஒருநாள் வீட்டுக்கே வந்து பார்த்தார். தரையில் உட்கார்ந்து, கிளை இருக்கும் பாதிக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாக லென்ஸால் பார்த்தார். உம்மா கொடுத்த பிரியாணி ஆறியது.

"பெட்ஷீட்டிலா தூக்கினாய்?" என்றார் கடைசியில்.

"ஆமா மேடம்."

"அடுத்த தடவை பலகை வைத்துத் தூக்கு."

எங்களுக்கு இடிக்க இன்னொரு வீடு இல்லை என்று நான் சொல்லவில்லை.

அதன்பிறகு வந்த நாட்கள் சுவாரஸ்யமானவை அல்ல. இலையின் மேல் ஒட்டியிருக்கும் கரிப்படலத்தைத் துளித்துளியாக உரித்து, அமிலத்தில் போட்டு, காரத்தில் கழுவினால், சில சமயம் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய தோல் மிஞ்சும். பல சமயம் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பேன். ஒரு சனிக்கிழமை வாப்பாவைத் துறைக்கு அழைத்துப் போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு அசையாமல் பார்த்தார்.

"ஓட்ட ஓட்டயா இருக்கே."

"இலை மூச்சு விடுற ஓட்டை. காத்துல கரியமில வாயு கூடுச்சுன்னா ஓட்டைய கொறச்சுக்கும். இத எண்ணித்தான் அந்தக் காலத்துல காத்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுவாங்க."

"எண்ணிட்டியா? எப்படி இருந்துச்சு?"

"ஒரு இலைய வச்சுச் சொல்ல முடியாது. அதே மரத்தோட இலை நெறைய வேணும்."

"கட்டிலுக்குக் கீழ கெடக்குதே, எண்ணு" என்றார்.

எண்ணினேன். காற்றைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லும் அளவுக்குத் தோல் தேறவில்லை. ஆய்வேட்டில் அதை அப்படியே எழுதினேன். ஆனால் இலைகள் வேறு சிலவற்றைச் சொல்லின. ஓரங்கள் பல் இல்லாமல் வழவழப்பாக இருந்தன. நுனிகள் மழைநீர் வடிய வாலாக நீண்டிருந்தன. அதாவது, இரண்டு எரிமலைக் குழம்புகளுக்கு நடுவே, நாங்கள் பிறகு குடியிருந்த இடத்தில், ஏரிக்கரையில் ஒரு மழைக்காடு வளர்ந்திருக்கிறது. வளரப் போதுமான நேரம் அதற்குக் கிடைத்திருக்கிறது. மேல் அடுக்கில் மரக்கரித் துணுக்குகள் இருந்தன. அது எரிந்தும் இருக்கிறது. அந்தக் கிளையை வைத்து, இன்ன இலையும் இன்ன தண்டும் ஒரே மரத்தினுடையவை என்று சொல்ல முடிந்தது. காயைப் பற்றி, பாதுகாக்கப்படவில்லை என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று.

வாய்மொழித் தேர்வுக்கு வாப்பாவும் உம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் மாடி மாமியும் வந்தார். அவர் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், மாதிரிகள் கிடைத்த இடத்தை வேறு ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் அங்கே இப்போது கார் நிற்கிறது என்றேன். அவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, அடுத்த கேள்விக்குப் போனார்.

முடிந்ததும் வாப்பா எங்களை மாதுங்காவில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோசை வைக்க வந்த வயதான சர்வரிடம், "எம்மவ இன்னைக்கு டாக்டர் ஆயிட்டா" என்றார். சர்வர் தட்டுகளை வைத்துவிட்டு, வேட்டியை லேசாகத் தூக்கி, மாடி ஏறினால் முட்டியில் பிடித்துக்கொள்வதாக என்னிடம் சொன்னார். நான் வாப்பாவைப் பார்த்தேன். அவர், "சொல்லு" என்றார்.

எந்த முட்டி என்று கேட்டேன். வலது என்றார். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், கொஞ்ச நாளைக்கு மாடி ஏறாதீர்கள், குறையவில்லை என்றால் வேறு டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். சர்வர் தலையாட்டினார். வாப்பாவும் தலையாட்டினார், ஆய்வேட்டில் அதுவும் ஓர் அத்தியாயம் என்பதுபோல.